புகைபோக்கிச் சோதனை: கொங்குப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லடத்தில் நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் ஆலை, திருப்பூர்ச் சாயப்பட்டறை, கோவை வார்ப்படச்சாலை, ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலை என்று பதினெட்டு ஆண்டுகளாகப் புகைபோக்கி ஏறி மாதிரி எடுக்கும் வேலையில் இருக்கிறேன். கீழே உள்ள கேள்விகள் எல்லாம் ஏணியின் அடியில் நின்றபடி என்னிடம் கேட்கப்பட்டவை. முதலாளிகளும் மேலாளர்களும் பாய்லர் அடுப்பெரிக்கும் ஃபயர்மேன்களும் கேட்டிருக்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர்களும் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லிவருகிறேன்.

புகைபோக்கியில் எதை அளக்கிறீர்கள்?

முதலாவது, துகள். புகையோடு பறந்து வெளியேறும் சாம்பலும் கரியும் ஒரு கனமீட்டர் வாயுவில் எத்தனை மில்லிகிராம் இருக்கின்றன என்பது. அடுத்து எரிபொருளைப் பொறுத்துக் கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், கார்பன் மோனாக்சைடு. இவற்றோடு வாயுவின் வெப்பநிலை, வேகம், ஈரம், கரியமில வாயுவின் சதவீதம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்கிறோம். இந்தத் துணை அளவுகள் இல்லாமல் துகள் அளவுக்குப் பொருளே இல்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஊர்க்காற்றை அளப்பது வேறு வேலை. வீட்டு மாடியில் இயந்திரம் வைத்து இருபத்து நான்கு மணி நேரம் காற்றை இழுத்து அளப்பார்கள். அதில் சாலைத் தூசியும் பக்கத்து ஆலையின் புகையும் கலந்துவிடும். புகைபோக்கிச் சோதனையில் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. குழாய்க்குள்ளேயே அளப்பதால் அது உங்கள் அடுப்பின் புகை மட்டும்தான்.

எந்தச் சட்டத்தின்படி? வரம்பு எவ்வளவு?

1981-ஆம் ஆண்டின் காற்று (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் அடிப்படை. அதன் 21-ஆம் பிரிவின்படி ஆலைக்கு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை (ஆலையை நடத்தும் அனுமதி) வேண்டும். 22-ஆம் பிரிவின்படி வரம்புக்கு மேல் புகை விடக்கூடாது. வரம்புகளின் அட்டவணை 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளில் இருக்கிறது.

சிறிய பாய்லர்களுக்கு அந்த அட்டவணை, மணிக்கு எத்தனை டன் நீராவி என்பதைப் பார்த்து வரம்பு சொல்கிறது. 2 டன்னுக்குக் குறைவு என்றால் 1200 மில்லிகிராம், 2 முதல் 10 டன்னுக்குள் 800, 10 முதல் 15 டன்னுக்குள் 600, 15 டன்னும் அதற்கு மேலும் 150. எல்லாம் ஒரு நார்மல் கனமீட்டருக்கு, 12 சதவீதக் கரியமில வாயு அடிப்படையில். இவை இரண்டும் என்ன என்று பின்னால் சொல்கிறேன்.

இதைப் படித்ததும் "எங்களுடையது ஒன்றரை டன் பாய்லர், 1200 வரை விடலாம்" என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். அவசரப்படாதீர்கள். மாநில வாரியம் இந்த வரம்பைக் கடுமையாக்கலாம், தளர்த்த முடியாது. உங்களைக் கட்டுப்படுத்துவது உங்கள் இசைவாணையில் எழுதியிருக்கும் எண். அதில் 150 என்று இருந்தால் உங்கள் வரம்பு 150தான். நான் போகும் இடங்களில் பாதிப்பேர் இசைவாணையை ஃபிரேம் போட்டு அலுவலக அறையில் மாட்டியிருக்கிறார்கள். அதன் உள்பக்கங்களில் இருக்கும் நிபந்தனைகளைப் படித்தவர்கள் மிகக் குறைவு.

புகைபோக்கி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

2 டன்னுக்குக் குறைந்த பாய்லர் என்றால் 9 மீட்டர், அல்லது பக்கத்துக் கட்டடத்தைப் போல் இரண்டரை மடங்கு, இவற்றில் எது அதிகமோ அது. 2 முதல் 5 டன் வரை 12 மீட்டர், 5 முதல் 10 டன் வரை 15 மீட்டர். ஜெனரேட்டருக்குக் கணக்கு வேறு. அதன் திறனைக் குறிக்கும் கேவிஏ எண்ணின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கி, கட்டடத்தின் உயரத்தோடு கூட்ட வேண்டும். 250 கேவிஏ என்றால் கூரைக்கு மேல் சுமார் 3.2 மீட்டர். உயரம் புகையைப் பரப்பும், குறைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாதிரி எடுக்கும் துளையை எங்கே போடுவது? வசதியான இடத்தில் போட்டால் போதாதா?

போதாது. வளைவையும் விசிறியையும் கடந்து வரும் புகை சுழன்றுகொண்டே ஏறும். அந்தச் சுழலில் ஒரு பக்கச் சுவரில் துகள் நெருக்கமாகவும் மறுபக்கத்தில் அடர்த்தி குறைந்தும் ஓடும். புகை நேராகும் வரை உயரம் விட வேண்டும். கடைசி வளைவிலிருந்து புகைபோக்கியின் உள்விட்டத்தைப் போல் எட்டு மடங்கு மேலேயும், உச்சியிலிருந்து இரண்டு மடங்கு கீழேயும் துளை இருப்பது முறை. உள்விட்டம் 60 செண்டிமீட்டர் என்றால் வளைவுக்கு மேல் 4.8 மீட்டர், உச்சிக்குக் கீழே 1.2 மீட்டர். செவ்வகக் குழாய் என்றால் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி, இரட்டிப்பாக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து வரும் எண்ணை விட்டமாகக் கொள்ளலாம்.

ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் துளைகள் இருந்தால்தான் குறுக்கும் நெடுக்குமாகப் பல புள்ளிகளில் மாதிரி எடுக்க முடியும். புகைபோக்கியைப் பட்டறையில் தரையில் கிடத்தி வெல்டிங் செய்யும்போதே துளைக்கான குழாயை ஒட்டிவிட்டால் செலவு சொற்பம். நிறுத்தி வைத்த பிறகு கிரேன் வைத்துத் துளை போடுவது பெருஞ்செலவு. புதிதாகப் புகைபோக்கி செய்யக் கொடுக்கும் ஒவ்வொருவரும் இதை ஃபேப்ரிகேட்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

குழாயை உள்ளே விட்டுப் புகையை இழுத்தால் ஆயிற்று. அதற்கு ஏன் இத்தனை கணக்கு?

இந்த வேலையின் உயிரே இதில்தான் இருக்கிறது. எனவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வாயு லேசானது, இழுத்த பக்கம் திரும்பும். துகளுக்கு எடை உண்டு, அது போகிற போக்கில் நேராகப் போகும். புகைபோக்கியில் வாயு நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஏறுகிறது என்று கொள்வோம். உள்ளே விட்ட குழாயின் நுனியான நாசில் வழியாக நான் 4 மீட்டர் வேகத்தில் மட்டும் இழுத்தால், நாசிலின் வாயில் வாயு தேங்கி ஒதுங்கிச் சுற்றிப் போய்விடும். துகளோ ஒதுங்காமல் நேராக உள்ளே விழும். குறைந்த வாயுவில் நிறையத் துகள் சேர்ந்து, அளவு உண்மையைவிடக் கூடுதலாக வரும். மாறாக 12 மீட்டர் வேகத்தில் இழுத்தால் சுற்றியுள்ள வாயுவெல்லாம் உள்ளே திரும்பும், அதனோடு வந்த கனத்த துகள் திரும்ப முடியாமல் நாசிலைத் தாண்டிப் போய்விடும். அளவு குறைவாக வரும். இரண்டு வேகமும் சமமாக இருந்தால் மட்டுமே புகை எப்படி இருக்கிறதோ அப்படியே உள்ளே வரும். இந்தச் சமவேக முறைக்கு ஐசோகைனடிக் என்று பெயர்.

ஆகவே முதலில் எஸ் வடிவ பிட்டாட் குழாயை உள்ளே விட்டு, சாய்வு மானோமீட்டரில் அழுத்த வேறுபாட்டைப் பார்த்து ஒவ்வொரு புள்ளியிலும் வேகத்தைக் கணக்கிடுகிறோம். தெர்மோகப்பிள் வெப்பநிலையைச் சொல்லும். அதற்கேற்ற நாசிலைத் தேர்ந்து, எவ்வளவு லிட்டர் இழுக்க வேண்டும் என்று முடிவு செய்து, பிறகே பம்பை ஓட விடுகிறோம். வழியில் திம்பிள் என்ற விரல் உறை போன்ற வடிகட்டி துகளைப் பிடித்துக்கொள்ளும். அதைத் தாண்டிய வாயு பனிக்கட்டிப் பெட்டியில் இருக்கும் இம்பிஞ்சர் குப்பிகளில் கொப்புளித்து, ஈரத்தை விட்டு, மீட்டர் வழியே வெளியேறும். துகளுக்கான இந்திய முறை ஐ.எஸ். 11255, முதல் பாகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. வேகத்துக்கான முறை அதன் மூன்றாம் பாகத்தில் இருக்கிறது.

ஆய்வகத்தில் திம்பிளை உலர்த்தி, முன்னெடையும் பின்னெடையும் பார்த்து வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்கிறோம். வித்தியாசம் ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்காக இருக்கும். கையால் தொட்டாலே கெட்டுவிடும். ஒருமுறை ஒரு சைசிங் ஆலையில் திம்பிளின் ஓரம் கிழிந்ததைக் கவனிக்காமல் எடைபோட்டு, வரம்புக்குள் இருப்பதாக அறிக்கை கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துக் கிழிசலைக் கண்டதும் மறுபடியும் போய் ஏறினேன். இரண்டாவது அளவு இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. அந்த முதல் அறிக்கையைத் திரும்ப வாங்கிக் கிழித்தபோது மேலாளருக்குக் கோபம். எனக்கு அன்று வந்த நடுக்கம் இன்னும் போகவில்லை.

கோவை, திருப்பூர்க்காரர்களுக்கு இன்னொரு செய்தி. கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் பாதரச அளவில் 725 மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். நார்மல் கனமீட்டர் என்பது 25 டிகிரி வெப்பநிலை, 760 மில்லிமீட்டர் அழுத்தத்தில் கணக்கிடப்படுவது. பாரோமீட்டரைப் பார்க்காமல் 760 என்று எழுதிக் கணக்குப் போட்டால் வாயுவின் கன அளவு கூடுதலாகி, துகள் அளவு ஏறக்குறைய 5 சதவீதம் குறைந்து காட்டும். உங்கள் அறிக்கையில் காற்றழுத்தம் 760 என்று அச்சாகியிருந்தால் ஆய்வகத்திடம் கேளுங்கள்.

12 சதவீதக் கரியமில வாயுத் திருத்தம் என்கிறார்களே, அது ஆலையைத் தண்டிக்கும் கணக்கா?

நேர்மையானவரைக் காக்கும் கணக்கு அது. புகையில் வெளிக்காற்றைக் கலந்துவிட்டால் ஒரு கனமீட்டரில் துகள் குறைந்துவிடும் அல்லவா? ஊருக்குப் போகும் சாம்பலின் எடை ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது. பாலில் தண்ணீர் ஊற்றியது தெரிய லாக்டோமீட்டர் வைப்பதைப் போல, புகையில் காற்று கலந்தது தெரியக் கரியமில வாயுவை அளக்கிறோம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். திம்பிள் எடை கூடியது 0.120 கிராம், அதாவது 120 மில்லிகிராம். இழுத்த வாயு 0.8 நார்மல் கனமீட்டர். வகுத்தால் 150. "சரியாக வரம்பில் நிற்கிறது" என்று மகிழ்வதற்கு முன் ஆர்சாட் கருவியில் கரியமில வாயு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அது 6 சதவீதம்தான் என்றால், 150-ஐ 12-ஆல் பெருக்கி 6-ஆல் வகுக்க வேண்டும். உண்மையான அளவு 300.

கரியமில வாயு 4, 5 என்று தாழ்ந்து கிடக்கும் ஆலைகளில் அடுப்புக் கதவு எந்நேரமும் திறந்தே இருக்கும். அல்லது குழாய் இணைப்புகள் அரித்திருக்கும். தேவைக்கு மேல் உள்ளே போகும் காற்று உங்கள் வெப்பத்தையும் அள்ளிக்கொண்டுதான் மேலே போகிறது. அதைச் சரிசெய்தால் விறகுச் செலவும் குறையும்.

சோதனை நாளில் மட்டும் காய்ந்த விறகு போட்டால் என்ன?

பலர் போடுகிறார்கள். எனக்குத் தெரியும். முந்தின நாள் சாம்பலை வாரி, அன்று காய்ந்த சீமைக்கருவேல விறகாகப் பார்த்துப் போட்டு, துணியை விரித்து உலர்த்தும் இரண்டு ஸ்டென்டர் இயந்திரங்களில் ஒன்றை நிறுத்தி, பாய்லரைப் பாதிச் சுமையில் ஓட்டுவார்கள். ஏறிப் பார்த்தால் புகையே தெரியாது. அடுத்த நாள் முந்திரித்தோல், ஈர மட்டை, சில இடங்களில் பனியன் கழிவுத்துணிகூட அடுப்புக்குள் போகும்.

இதை நான் ஏற்பதில்லை. ஆலை வழக்கமாக ஓடும் சுமையில், வழக்கமாக எரியும் எரிபொருளில் எடுப்பதே சோதனை. நீராவி ஓட்டம், எரிபொருள், அன்று எத்தனை இயந்திரம் ஓடியது என்பதை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் ஆய்வகத்தை நம்ப வேண்டாம். பாதிச் சுமையில் எடுத்த அளவு அடுத்த ஓராண்டுக்கு உங்கள் அலமாரியில் சான்றாக இருக்கும், ஆனால் புகையைச் சுழற்றிச் சாம்பலைப் பிரிக்கும் உங்கள் சைக்ளோன் ஓட்டையாகிவிட்டதை உங்களிடமிருந்தே அது மறைத்துவிடும். வாரியத்தின் வண்டி சொல்லாமல் வந்து நிற்கும் நாளில்தான் தெரியவரும். அதுவரை வேலிக்கு அந்தப் பக்கம் உள்ள பிள்ளைகள் அந்தப் புகையைச் சுவாசித்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு சாயப்பட்டறையின் வயதான ஃபயர்மேன் என்னிடம் சொன்னார்: "கண்ணு, நீங்கள் வருகிற அன்றைக்குத்தான் எனக்கும் இருமல் இல்லாமல் இருக்கிறது." அவர் முப்பது ஆண்டுகளாக அந்த அடுப்பின் முன்னால் நிற்பவர்.

கறுப்பாக வந்தால் மோசம், வெள்ளையாக வந்தால் நல்லது என்று கொள்ளலாமா?

முழுதாக நம்ப முடியாது. கறுப்பு, காற்றுப் போதாமல் எரிவதைக் காட்டும். வெள்ளை நீராவியாகவும் இருக்கலாம், ஈர விறகின் எரியாத ஆவியாகவும் இருக்கலாம். நீராவி கொஞ்ச தூரத்தில் கரைந்து காணாமல் போகும். புகை மெலிந்துகொண்டே நெடுந்தூரம் நீளும். கண்ணுக்கு எதுவும் தெரியாமலே வரம்பைத் தாண்டிய புகைபோக்கிகளையும் அளந்திருக்கிறேன்.

சைக்ளோன் வைத்திருக்கிறோம். அப்படியும் அளவு கூடுதலாக வருவது ஏன்?

அடிவாயைப் பாருங்கள். சைக்ளோனின் கீழே சாம்பல் விழும் இடத்தில் ரோட்டரி வால்வு தேய்ந்திருந்தாலோ, கதவு சரியாக மூடாமல் இருந்தாலோ, விசிறியின் இழுவைக்கு வெளிக்காற்று கீழிருந்து உள்ளே பாயும். கீழே இறங்கிய சாம்பலையெல்லாம் அது மறுபடி மேலே தூக்கிப் புகைபோக்கிக்கே அனுப்பிவிடும். விலை உயர்ந்த மல்டிசைக்ளோன் ஒரு ரப்பர் பேக்கிங் இல்லாமல் வீணாய்ப் போவதை அடிக்கடி பார்க்கிறேன். சாம்பல் கூம்பு நிறைந்து வழியும்வரை வாராமல் விடுவதும் இதே கேட்டைத் தரும்.

சைக்ளோன் பெரிய துகளைப் பிடிக்கும், நுண்துகளைப் பிடிக்காது. 150-க்குக் கீழே நிலையாக நிற்கவேண்டும் என்றால் புகையைத் துணிப்பைகளால் வடிகட்டும் பேக் ஃபில்டர் தேவைப்படும். விறகு அடுப்புக்குப் பேக் ஃபில்டர் வைப்பவர்கள் முன்னால் ஒரு சைக்ளோனாவது வைத்துத் தீப்பொறியைத் தடுக்க வேண்டும். ஒரு பொறி போதும், பைகள் வரிசையாக எரியும். பாலியெஸ்டர்ப் பை சுமார் 130 டிகிரிக்கு மேல் தாங்காது. வாயு மிகவும் குளிர்ந்தாலோ ஈரம் படிந்து பை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் தெளிக்கும் ஸ்க்ரப்பர் வைத்தால் அந்தக் கரித்தண்ணீருக்கும் வழி சொல்ல வேண்டும்.

இங்கே மனத்தில் உறுத்தும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிலைக்கு அவை வந்தன. நொய்யலுக்காக அது நடந்தாக வேண்டியிருந்தது. ஆனால் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ.வில் மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்க எவாப்பரேட்டருக்கு நீராவி வேண்டும். நீராவிக்கு விறகு வேண்டும். ஆற்றுக்குப் போகாத சுமையில் ஒரு பங்கு புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகிறது. தண்ணீருக்குக் கொடுத்த கவனத்தில் பாதியையாவது புகைக்கும் கொடுக்க வேண்டும்.

வார்ப்படச்சாலைகளுக்கு என்ன விதி?

கல்கரியை எரித்து இரும்பை உருக்கும் கூப்பலா உலையில் மணிக்கு 3 டன்னுக்குக் குறைவாக உருக்கினால் துகள் வரம்பு 450, 3 டன்னும் அதற்கு மேலும் என்றால் 150. மின்சாரத்தால் உருக்கும் இண்டக்ஷன் உலைக்கும் 150. கூப்பலாவின் புகைபோக்கி, உலை விட்டத்தைப் போல் ஆறு மடங்காவது உயரம் இருக்க வேண்டும். இரும்பையும் கல்கரியையும் போடும் சார்ஜிங் கதவுக்கு மேல், புகை முழுவதும் அந்தப் புகைபோக்கி வழியாகவே போக வேண்டும்.

இண்டக்ஷன் உலையில் வேறொரு சிக்கல். மேலே புகையை உறிஞ்சும் கூடாரமான ஹூட் சரியாக இழுக்காவிட்டால் புகை புகைபோக்கிக்கே வராது. கொட்டகைக் கூரை வழியாகக் கசிந்து போகும். புகைபோக்கியில் அளந்தால் 20, 30 என்று அழகான எண் வரும். உருக்கும் தொழிலாளியின் முகத்தைப் பார்த்தால் உண்மை தெரியும். அப்படிப்பட்ட இடங்களில் ஹூட் இழுவை போதவில்லை என்பதையும் அறிக்கையின் குறிப்பில் எழுதிவிடுகிறேன்.

செங்கற்சூளை, தொட்டிக்கரி சூளைகளுக்கும் சோதனை உண்டா?

செங்கற்சூளைகளுக்கு 2022 பிப்ரவரியில் வந்த மத்திய அரசு அறிவிக்கை துகள் வரம்பை 250 என்று வைத்தது. புகைபோக்கி உயரத்தையும் நிர்ணயித்தது. கோவையை அடுத்த தடாகம் பள்ளத்தாக்கில் இருந்த சூளைகள் அதற்கு முன்பே, 2021-இல், மூடப்பட்டுவிட்டன. காங்கயம், வெள்ளகோவில் பக்கம் தேங்காய்த் தொட்டியை (சிரட்டையை) குழியில் போட்டுக் கரியாக்கும் சூளைகளில் புகைபோக்கியே இருப்பதில்லை. புகை தரையோடு தவழ்ந்து தோட்டங்களுக்குள் போகிறது. எங்கள் கருவியை நுழைக்க அங்கே குழாய் இல்லை. அந்தப் புகையைக் குழாய்க்குள் கொண்டுவந்து எரித்துவிடும் அமைப்பு வந்த பிறகே சோதனை பற்றிப் பேச முடியும்.

தனியார் ஆய்வக அறிக்கை இருக்கிறது. வாரியம் மறுபடியும் ஏன் எடுக்கிறது?

நீங்கள் கட்டணம் கொடுத்து எடுக்கும் அறிக்கை உங்கள் கண்காணிப்புக்கு. சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி வாரிய அலுவலர் எடுக்கும் மாதிரியே நீதிமன்றத்தில் சான்றாகும். அதற்கு ஒரு முறை உண்டு. மாதிரி எடுக்கப்போவதாக ஆலைக்கு அங்கேயே, அப்போதே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆலையின் பொறுப்பாளர் முன்னிலையில் எடுத்து, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டு, தாமதமின்றி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பொறுப்பாளர் வேண்டுமென்றே வராமல் போனாலும் கையெழுத்திட மறுத்தாலும் சோதனை நின்றுவிடாது. அலுவலரின் கையெழுத்தோடு அது போகும். முடிவின் ஒரு படி உங்களுக்கும் வரும்.

ஆகவே அந்த நேரத்தில் ஒளியாதீர்கள். பக்கத்தில் நின்று நாசில் அளவு, நேரம், சுமை எல்லாவற்றையும் உங்கள் குறிப்பேட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள். அது உங்கள் உரிமை. தனியாரிடம் எடுப்பதானால், ஆய்வகங்களுக்குத் தர அங்கீகாரம் வழங்கும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் புகைபோக்கித் துகளுக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர்ச் சோதனைக்கு மட்டும் அங்கீகாரம் வைத்திருக்கும் இடங்களும் உண்டு. புகைபோக்கி ஏறாமலே அறிக்கை தரும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் ஏறுவதை நீங்களே நின்று பாருங்கள்.

வரம்பைத் தாண்டினால் உடனே மூடிவிடுவார்களா?

வழக்கமாக முதலில் விளக்கம் கேட்டு அறிவிப்பு வரும். மூடவும், மின்சாரம், தண்ணீர் இணைப்புகளைத் துண்டிக்கவும் உத்தரவிடும் அதிகாரத்தை 31ஏ பிரிவு வாரியத்துக்குத் தருகிறது. அறிவிப்பு வந்தால் வக்கீலைப் பார்ப்பதற்கு முன் சைக்ளோனின் அடிவாயைப் பாருங்கள். சரிசெய்து, தேதியோடு படம் எடுத்து, மறுசோதனை முடிவையும் சேர்த்துப் பதில் கொடுத்தவர்கள் நல்லபடியாக மீண்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஆன்லைன் கருவி வைத்துவிட்டால் ஏறி அளக்க வேண்டியதில்லையே?

மேட்டூர் அனல்மின் நிலையம், புகளூர்க் காகித ஆலை போன்ற பெரிய ஆலைகள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின், அதிக மாசு தரும் 17 தொழில் வகைகளின் பட்டியலில் வருகின்றன. அவ்வகை ஆலைகள் தொடர் கண்காணிப்புக் கருவி பொருத்த வேண்டும் என்று 2014-இல் உத்தரவானது. எண்கள் கிண்டியில் உள்ள மாநில வாரியத்தின் மையத்துக்கு நேரடியாகப் போகின்றன. ஆனால் துகள் கருவி எடையை அளப்பதில்லை. ஒளி எவ்வளவு மறைகிறது அல்லது சிதறுகிறது என்பதை வைத்து ஊகிக்கிறது. அந்த ஊகத்தைச் சரிபார்க்க ஒரு மனிதன் திம்பிளோடு ஏறித்தான் ஆக வேண்டும்.

ஏறுபவர்களுக்கு ஆலை என்ன செய்துதர வேண்டும்?

கூண்டுள்ள ஏணி, கைப்பிடிக் கம்பியோடு இரண்டு பேர் நிற்க இடமுள்ள மேடை, மேடையிலேயே மின் இணைப்பு. துருப்பிடித்த கம்பியில் கயிறு கட்டி ஏறச் சொல்லாதீர்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஏறாமல் திரும்பி வந்திருக்கிறேன், இனியும் திரும்புவேன். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் மாதங்களில் காலையில் வெகு சீக்கிரம் ஏறி இறங்கிவிடுவது நல்லது. துளை மூடியைத் திறக்கும்போது சூடான வாயு முகத்தில் அடிக்கும், கார்பன் மோனாக்சைடும் அதில் இருக்கும். ஆகையால் காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நிற்க வேண்டும். மேடைக்கடியில் தேன்கூடு இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துச் சொல்லுங்கள்.

எங்கள் மொட்டை மாடியில் கரி விழுகிறது. ஆலையோ எல்லாம் வரம்புக்குள் என்று அறிக்கை காட்டுகிறது. யார் சொல்வது உண்மை?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். சோதனை என்பது ஒரு நாளின் ஒரு மணி நேரம். மீதி நேரம் அடுப்பு வேறு மாதிரி எரியக்கூடும்.

பல்லடம் பக்கம் ஓர் அம்மா இருக்கிறார். மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் கரியாகிறது என்று இரண்டு ஆண்டுகள் மனுக் கொடுத்தும் பயனில்லை என்றார். நான் அவரிடம் ஒரு நோட்டு வாங்கி எழுதச் சொன்னேன். தேதி, கரி விழுந்த நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, இந்த மூன்று மட்டும். வெள்ளைத் தட்டு ஒன்றை மாடியில் வைத்து மணிக்கொருமுறை துடைத்துப் பார்க்கவும் சொன்னேன். ஆனி, ஆடியில் இங்கே காற்று மேற்கிலிருந்து வரும். ஆலைக்குக் கிழக்கே உள்ள வீடுகளுக்குப் பாதிப்பு. மார்கழியில் வடகிழக்குக் காற்று, அதுவும் மெல்லியது. விடியற்காலைப் பனி மூடியிருக்கும்போது புகை மேலே ஏறாமல் தாழ்ந்து படியும்.

நாற்பது நாள் எழுதினார். கரி விழுந்த நாள்களில் பெரும்பாலும் நேரம் விடியற்காலை நான்கிலிருந்து ஐந்துக்குள் இருந்தது. பாய்லர்க் குழாய்களில் படிந்த கரியை ஊதித் தள்ளும் நேரம் அது. எங்களில் யாரும் அந்த நேரத்தில் போய் அளந்ததே இல்லை. மனுவோடு நோட்டின் நகலையும் இணைத்து மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் கொடுத்தார். முதலமைச்சர் உதவி மையத்தின் 1100 எண்ணிலும் பதிவு செய்தார். ஆலையின் கடைசி ஆய்வறிக்கையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டார். அறிக்கையில் மாதிரி எடுத்த நேரம் காலை பதினொன்று என்று இருந்தது.

அடுத்த சோதனைக்கு அந்த ஆலையே என்னை விடியற்காலை மூன்றரைக்கு வரச் சொன்னது. ஏறி அளந்தேன். ஊதும்போது எடுத்த அளவு வரம்பைப் போல் நான்கு மடங்கு. இப்போது ஊதுவதற்கு முன் சைக்ளோன் கூம்பைக் காலி செய்கிறார்கள், ஒரேயடியாக ஊதாமல் குழாய் குழாயாக ஊதுகிறார்கள். அந்த அம்மா இன்னும் நோட்டு எழுதுகிறார்.